மயிலாத்தாவும் பின்கண் முழிக்காத காரும்

மொச்சையைப் பிதுக்கிக்கிட்டே சொல்றேன் கண்ணு, நீ படுத்துக்கிட்டே கேளு. ஆனா "ம்" போடணும். நீ "ம்" போடலைன்னா கார் அங்கேயே நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு பழைய காலத்துக் கார் இருந்துச்சாம். பூசணிக்காய் மாதிரி உருண்ட மூஞ்சி, வெண்ணெய் கலரு. ஹாரன் அடிச்சா "பாம்ம்ம்"னு எருமை கூப்பிடற மாதிரி இருக்கும். அந்த ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் பொண்ணும் மாப்பிள்ளையும் அதுலதான் ஏறுவாங்க. ஓட்டறது நாச்சிமுத்து. அவன் பொண்டாட்டி மயிலாத்தா. அவ அந்த வீட்டுக்கு வாழ வந்ததும் அதே கார்லதான். அதனால காலையில வாசல் தெளிக்கறப்போ காருக்கும் ஒரு கை தண்ணி தெளிப்பா.

ம்? சரி.

அப்புறம் ஒரு நாள், ரிவர்ஸ் கியர் போட்டா பின்னாடி வெள்ளையா எரியுமே, அந்த லைட்டு போயிருச்சு. அன்னைக்குன்னு பாத்து வாய்க்கால் சந்துல கல்யாணம். ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் வாய்க்கால். உள்ள போன வண்டி திரும்ப முடியாது, பின்னாலயேதான் வரணும். அதுவும் இருட்டற நேரத்துல.

மாமனார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னாரு.

"பொழுது சாயறதுக்குள்ள அது எரியல, நாளைக்கு வண்டி காயலான் கடைக்கு. பொண்ணு மாப்பிள்ளைய வாய்க்கால்ல கவுக்கறதுக்கா வண்டி வச்சிருக்கோம்?"

"எரியுங்க மாமா"ன்னா மயிலாத்தா.

"நீ சொன்னா எரிஞ்சிருமா?"

"எரியுங்க மாமா."

கார் அழுதுச்சாவா? கார் எங்கயாச்சும் அழுமா? ஆயில்தான் சொட்டுச்சு. ம் போடு.

அப்போ நாச்சிமுத்து புது பல்பு வாங்கியாந்தான். புதுசா எது வீட்டுக்கு வந்தாலும் மயிலாத்தாவுக்குச் சந்தனப் பொட்டு வைக்கணும். கண்ணாடியில வச்சா வெளிச்சம் மறைக்குமே! அதனால யோசிச்சு, பல்போட அடியில வச்சா. "பூ... பூ..."ன்னு ஊதிக் காய வச்சுக் குடுத்தா. அவன் மாட்டினான். ரிவர்ஸ் போட்டான். கடக்! எரியல.

"வயரு எலி கடிச்சிருக்கும்"னு நாச்சிமுத்து காருக்கு அடியில பூந்து புது வயரு இழுத்தான். அந்த நேரத்துல மயிலாத்தா பல்பைக் கழட்டி, இன்னொரு பொட்டு, கொஞ்சம் கனமா வச்சா. கடக்! எரியல.

"அப்போ கியருகிட்ட இருக்கற சுவிச்சுதான்"னு அதையும் புதுசா மாத்தினான். மூக்கெல்லாம் கிரீஸு. மயிலாத்தா சாமியை நினைச்சுக்கிட்டு மூணாவது பொட்டு, வடைக்கு மாவு அப்பற மாதிரி அப்பினா. கடக்! எரியவே இல்ல.

"இன்னும் என்னத்த மாத்தறது, என்னையத்தான் மாத்தணும்"னு நாச்சிமுத்து தரையில உக்காந்துட்டான்.

"எரியும்னியே?"ன்னாரு மாமனார். காயலான் கடைக்காரனுக்குப் போன் போட உள்ள போனாரு. அந்தப் பக்கம் கல்யாண வீட்டு மேளம் "டும் டும்"னு கேக்குது. பொழுது இறங்குது.

மயிலாத்தா பல்பைக் கையில எடுத்தா. இன்னொரு பொட்டு வைக்கலாம்னு சந்தனத்துல விரலை விட்டா. அப்போ பழைய சந்தனம் காஞ்சு, இந்தா பாரு, இந்த மொச்சை தோலை விட்டு வர்ற மாதிரி, "புளக்"குன்னு பேந்து விழுந்துச்சு. அதுக்கு அடியில பாத்தா, பளபளன்னு குட்டியா ஒரு ஈயப் பொட்டு!

"அடியாத்தே! இது பொறக்கறப்பவே பொட்டோட பொறந்திருக்கு. கரண்டு வர்ற வாசல்ல நான்ல சந்தனத்த அப்பியிருக்கேன்!"

முந்தானையில அழுத்தித் தொடைச்சா. அவளே மாட்டினா. திருகினா.

"ஏனுங்க, ரிவர்ஸ் போடுங்க."

"நாலாந்தடவை அசிங்கப்படணுமா?"

"போடுங்கன்னா போடுங்க!"

கடக்... பளிச்! கோழிக்கூடு வரைக்கும் வெள்ளை வெளிச்சம். கோழியெல்லாம் விடிஞ்சிருச்சுன்னு "கொக் கொக்"னு எந்திரிச்சு வந்துச்சுங்க.

போனைக் காதுல வச்சபடியே மாமனார் ஓடி வந்தாரு. "என்னம்மா பண்ணுன?"

"சந்தனத்தைக் கொறச்சனுங்க மாமா."

அவரு அவளைப் பாத்தாரு, சந்தனக் கிண்ணத்தைப் பாத்தாரு, சிரிப்பை அடக்க முடியல. போன்ல, "வண்டி இல்லீங்க, வேணும்னா ஒரு கிண்ணம் சந்தனம் இருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டாரு.

அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறினாங்க. வாய்க்கால் சந்துல கார் பின்னாலயே வருது, டுர்ர்ர்... அந்த வெளிச்சத்துல வண்டிக்குப் பின்னால நடந்து கையை ஆட்டிக்கிட்டு, "வரட்டும் வரட்டும், கொஞ்சம் ஒடிச்சு, ஆங், வரட்டும்"னு கத்தறது யாரு? மாமனாரேதான்! அவரு நெத்தியில இம்மாம் பெரிய சந்தனப் பொட்டு. யாரு வச்சது?

தெரிஞ்சிருச்சா, திருட்டுப் பயலே.

ரோட்டுக்கு வந்ததும் "பாம்ம்ம்". அவ்வளவுதான், கார் கொட்டாய்க்குள்ள போயி முன்கண்ணு பின்கண்ணு எல்லாத்தையும் மூடிக்கிச்சு, கதையும் அதுக்குப் பக்கத்துல போயிப் படுத்துக்கிச்சு, இனி நீயும் சமத்தா கண்ணை... இதோ வர்றனுங்க அத்தே, பாலு பொங்கிருச்சுங்களா, அடுப்பை மட்டும் கொஞ்சம் அணைச்சிருங்க...