படத்தின் இடது ஓரம்

கருமடுவின் கரையில் ஒரு நாவல் மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் செம்பி என்ற மலையணில் கூடு கட்டி வாழ்ந்தது. கோடை வந்தால் ஆற்றில் மற்ற இடமெல்லாம் வற்றிவிடும். கருமடு மட்டும் வற்றாது. அதன் தண்ணீர் பச்சையாக, அசையாமல், அடி தெரியாமல் கிடக்கும்.

அந்தக் காட்டில் எல்லா விலங்குகளிடமும் கைப்பேசி இருந்தது. எல்லாம் சேர்ந்து 'காட்டுக்கண்' என்று ஒரு குரூப் வைத்திருந்தன. யார் போட்டோ எடுத்தாலும் அதில் போடும். மற்றவை பார்த்துவிட்டு லைக் போடும், கருத்து எழுதும். மயில்தான் அட்மின்.

போட்டோ எடுப்பதில் செம்பியை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். மூச்சை அடக்கிக் காத்திருக்கும். மீன்கொத்தி நீரைத் தொடுகிற அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்துவிடும்.

ஆனால் செம்பிக்கு ஒரு பயம் இருந்தது. படத்தைப் போட்ட மறுநிமிடமே அது தொடங்கிவிடும். யார் என்ன சொல்வார்களோ! கைப்பேசியை இலைகளுக்கு அடியில் ஒளித்து வைக்கும். பிறகு பொறுக்க முடியாமல் அதுவே எடுத்துப் பார்க்கும்.

முதலில் தவிட்டுக்குருவிகள் வரும். அவை எப்போதும் கூட்டமாகத்தான் வரும்.

"அருமை! அருமை! அருமை!"

படத்தைப் பார்த்தார்களா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் செம்பியின் பயம் அடங்கும்.

அதன் பிறகு ஆள்காட்டிப் பறவை வரும். ஆள்காட்டி கரையோரக் கூழாங்கற்களுக்கு நடுவே, வெறும் தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பகல் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு படத்தையும் மூலைமுடுக்கு விடாமல் பார்க்கும். பார்த்ததை அப்படியே எழுதும். வணக்கமும் கிடையாது, வாழ்த்தும் கிடையாது.

"கரை சாய்ந்திருக்கிறது."

"மீன்கொத்தியின் வால் வெட்டுப்பட்டுவிட்டது."

ஒருமுறை பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடு" என்று எழுதியது. அது பனி என்று எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். ஆள்காட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை.

அப்படி ஒரு வரியைப் படித்தால் போதும். அன்று முழுவதும் செம்பிக்கு நாவல் பழம் இறங்காது.

ஒருநாள் காலை, மருதி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு மடுவில் தண்ணீர் குடிக்க வந்தது. பனிக்குள்ளிருந்து வெயில் சரிந்து விழுந்தது. தாயும் குட்டியும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. செம்பி படம் எடுத்தது. அதுவரை எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். செம்பிக்கே அது தெரிந்தது.

குரூப்பில் போட்டவுடன் லைக்குகள் குவிந்தன.

"அருமை! அருமை! அருமை!" என்றன தவிட்டுக்குருவிகள்.

"என் குட்டியை இவ்வளவு அழகாக யாருமே எடுத்ததில்லை!" என்றது மருதி.

பிறகு ஆள்காட்டி எழுதியது.

"இடது ஓரத்தில், தண்ணீரில் ஒரு கட்டை கிடக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது?"

செம்பிக்குக் காது சூடேறியது. "கட்டை தண்ணீரில் மிதக்காமல் வானத்திலா மிதக்கும்?" என்று எழுதியது.

தவிட்டுக்குருவிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஆள்காட்டி விடவில்லை. "போன வாரம் நீ போட்ட படத்தில் அந்தக் கட்டை அக்கரையில் கிடந்தது. இன்று இக்கரையில் கிடக்கிறது. மடுவில் நீரோட்டமே கிடையாதே!"

ஒரு கணம் செம்பியின் முதுகு மயிர் சிலிர்த்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாமா என்று விரலைக் கொண்டுபோனது. பிறகு நிறுத்திக்கொண்டது. பெரிதாக்கிப் பார்த்து, ஆள்காட்டி சொன்னது சரி என்று ஆகிவிட்டால்? இத்தனை பேர் பாராட்டிய படம் என்ன ஆவது?

அதற்குள் தவிட்டுக்குருவிகள் எழுதத் தொடங்கிவிட்டன.

"பொறாமை! வெறும் பொறாமை!"

"அதன் கண்ணுக்கு எல்லாமே குறைதான்!"

அதைப் படித்ததும் செம்பிக்கு நிம்மதியாக இருந்தது. படத்தின் இடது ஓரத்தை வெட்டியது. கட்டை போய்விட்டது. பழைய படத்தைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு, வெட்டிய படத்தைப் போட்டது.

"இப்போது திருப்திதானே?" என்று கேட்டது.

"படத்திலிருந்து வெட்டிவிட்டாய். தண்ணீரிலிருந்து யார் வெட்டுவது?" என்றது ஆள்காட்டி.

செம்பி கோபத்தோடு மயிலிடம் ஓடியது.

"ஆள்காட்டி இருக்கிற குரூப்பில் இனி நான் இருக்க மாட்டேன்! ஒன்று அது இருக்கட்டும், இல்லையென்றால் நான் இருக்கிறேன்!"

மயில் யோசித்தது. செம்பி போய்விட்டால் குரூப்பில் நல்ல படம் போட யார் இருக்கிறார்கள்? அன்று வெயில் ஏறுவதற்குள் ஆள்காட்டியைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. செம்பி விரும்பிய அமைதி கிடைத்தது.

மானும் குட்டியும் இருந்த படம் காடு முழுவதும் பரவியது. அதே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை வந்தது. முயல்கள் வந்தன. முள்ளம்பன்றிகள் வந்தன. காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு வந்தது. திரும்பிப் போகும்போது அதில் ஒரு குட்டியைக் காணவில்லை. "சிறுத்தை தூக்கியிருக்கும்" என்று பேசிக்கொண்டார்கள்.

மயில் குரூப்பில் ஓர் அறிவிப்புப் போட்டது. "நாளைக் காலை எல்லோரும் கருமடுவுக்கு வாருங்கள்! அதே இடம், அதே வெளிச்சம்! நாம் எல்லோரும் நிற்க, செம்பி படம் எடுக்கும்!"

செம்பி மகிழ்ச்சியில் வானத்தில் பறந்தது. எந்தக் கிளையிலிருந்து எடுக்கலாம் என்று பார்ப்பதற்காக, அன்று பிற்பகல் தன் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. அப்போது மானும் குட்டியும் இருந்த படம், வெட்டாத முழுப்படம், திரையில் வந்தது.

இடது ஓரத்தில் கட்டை.

யாரும் பக்கத்தில் இல்லை. பாராட்டவும் ஆள் இல்லை, குறை சொல்லவும் ஆள் இல்லை. செம்பி விரலால் படத்தைப் பெரிதாக்கியது.

கட்டையின் மேல் இரண்டு மேடுகள் இருந்தன. ஒரு மேட்டின் நடுவே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அது பட்டையில் விழுந்த வெடிப்பு இல்லை. அது கண்!

செம்பி அவசரமாக விரலைத் தள்ளியது. அதற்கு முந்தைய படத்தைத் திறந்தது. கட்டை மடுவின் நடுவில் இருந்தது. அதற்கும் முந்தைய படத்தில் அக்கரையில் இருந்தது. காட்டுப்பன்றியின் குட்டிகளை எடுத்த படத்தைத் திறந்தது. குட்டிகளுக்குப் பின்னால், ஒரு துள்ளல் தூரத்தில், கட்டை இருந்தது. அதன் கண் ஒரே ஒரு குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செம்பி மெல்லக் கிளையிலிருந்து கீழே எட்டிப் பார்த்தது.

தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கட்டை எங்கேயும் இல்லை.

அப்போதுதான் செம்பிக்கு உயிரே போனது.

உடனே எழுதத் தொடங்கியது. "நாளை யாரும் மடுவுக்கு வர வேண்டாம்." எழுதிவிட்டு நிறுத்தியது. ஏன் என்று கேட்பார்களே? கட்டை என்று ஏன் சொன்னாய் என்பார்கள். ஏன் வெட்டினாய் என்பார்கள். சொன்ன ஆள்காட்டியைத் துரத்திவிட்டாயே என்பார்கள். பன்றிக்குட்டியின் தாய் என்ன சொல்லும்?

எழுதியதை அழித்தது. மறுபடி எழுதியது. மறுபடியும் அழித்தது.

கடைசியில் இப்படிக் கேட்டது. "நாளை வேறு இடத்தில் எடுக்கலாமா? மடுவில் இப்போது வெளிச்சம் சரியில்லை."

"அதே இடம்தான் வேண்டும்!" என்று மயில் பதில் போட்டது.

"அதே இடம்! அதே இடம்!" என்றன தவிட்டுக்குருவிகள்.

செம்பி கைப்பேசியை இலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுருண்டு படுத்தது. தூக்கம் வரவில்லை.

விடிந்தது. விலங்குகள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தன. முயல்கள் இடம் பிடிக்க ஓடின. மயில் தோகையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றது. தவிட்டுக்குருவிகள் புதர்மேல் வரிசையாக உட்கார்ந்தன. மான்குட்டி எல்லோருக்கும் முன்னால், கால் நனையும்படி தண்ணீரில் நின்றது.

"செம்பி! குட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டுமா?" என்று மருதி கேட்டது.

"வேண்டாம்!" என்றது செம்பி. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஆள்காட்டி முட்டைகளை விட்டுப் பறந்து வந்தது. எல்லோருடைய தலைக்கு மேலும் வட்டமிட்டு வட்டமிட்டுக் கத்தியது.

"குரூப்பிலிருந்து தூக்கிவிட்டோம் அல்லவா, நேரில் வந்து கத்துகிறது!" என்றது மயில். எல்லோரும் சிரித்தார்கள்.

செம்பி கிளையில் தொங்கியபடி கைப்பேசியைப் பிடித்தது. திரையில் மான்குட்டி தெரிந்தது. தண்ணீரில் அதன் நிழல் தெரிந்தது. இடது ஓரத்தில், ஒரு சிற்றலைகூட இல்லாமல், இரண்டு மேடுகள் மேலே எழுந்தன.

அவை குட்டியை நோக்கி வந்தன.

"எடு! எடு! எடு!" என்றன தவிட்டுக்குருவிகள்.

செம்பி கீழே நின்றவர்களைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் இந்த முகங்களையெல்லாம் இனி எப்படிப் பார்ப்பது? மேடுகள் இன்னும் நெருங்கின.

"ஓடுங்கள்!" என்று செம்பி அலறியது. "அது கட்டை இல்லை, முதலை! ஆள்காட்டி சொன்னது உண்மை! படத்தை வெட்டி மறைத்தது நான்தான்! ஓடுங்கள்!"

யாரும் ஓடவில்லை. "என்ன சொல்கிறது?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு முயல் சிரித்தது.

செம்பி கைப்பேசியை விட்டெறிந்தது. கிளையிலிருந்து நேராக மான்குட்டியின் முதுகில் குதித்தது. அதன் காதைப் பலமாகக் கடித்தது.

"அம்மா!" என்று குட்டி வலியில் துள்ளிக் கரைக்குத் தாவியது.

அதே நொடி தண்ணீர் வெடித்தது. மாட்டு வண்டி நீளம் இருக்கும் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. குட்டி நின்ற இடத்தில் அதன் வாய் 'படார்' என்று மூடியது. குட்டி தப்பிவிட்டது. குட்டியின் முதுகிலிருந்து வழுக்கி விழுந்த செம்பியின் வால் தப்பவில்லை. பாதி வால் முதலையின் வாய்க்குள் போய்விட்டது.

கரையில் புழுதி பறந்தது. யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது மடு பழையபடி பச்சையாக, அசையாமல் கிடந்தது.

மலையணிலுக்கு வால்தான் பிடிமானம். தாவும்போது அதுதான் உடம்பை நேராக நிறுத்தும். செம்பியால் இனி தூரத்துக் கிளைக்குத் தாவ முடியாது. ரத்தம் நின்றதும் தரையில் மெல்ல நடந்து கூழாங்கல் மேட்டுக்குப் போனது. ஆள்காட்டியிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றது.

"நீ அப்போதே சொன்னாய், அக்கா" என்றது.

"ஆமாம். சொன்னேன்."

"கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது."

ஆள்காட்டி முட்டைகளை மூக்கால் திருப்பி வைத்தது.

"எனக்கு இனிப்பாகப் பேச வராது" என்றது பிறகு. "அந்தக் கட்டையைப் பார்த்த நாள் முதல் இந்தக் கற்களுக்கு நடுவே பயந்து செத்துக்கொண்டிருந்தேன். முட்டைகளை விட்டு எங்கே போவேன்? யாராவது ஒருவர் என்னோடு சேர்ந்து அதைப் பார்க்க மாட்டார்களா என்றுதான் எழுதினேன்."

செம்பிக்கு அழுகை வந்தது. மணலில் கிடந்த கைப்பேசியைத் தேடி எடுத்தது. கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது, ஆனால் வேலை செய்தது. வெட்டாத முழுப்படத்தைக் குரூப்பில் போட்டது. "இடது ஓரத்தைப் பாருங்கள். நான் பார்க்க மறுத்தேன். பன்றிக்குட்டியைச் சிறுத்தை தூக்கவில்லை" என்று கீழே எழுதியது.

மயில் ஆள்காட்டியைத் திரும்பச் சேர்த்தது. காட்டுப்பன்றி அந்தப் படத்தைப் பார்த்தது. அதன் பிறகு செம்பியின் மரத்துப் பக்கமே அது வருவதில்லை.

இப்போது அந்தக் காட்டு விலங்குகள் வெகுதூரம் நடந்து, மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடிக்கின்றன. மான்குட்டி அந்தச் சின்ன ஊற்றில்கூடத் தனியாக வாய் வைப்பதில்லை. தாய் வந்து முன்னால் நின்ற பிறகுதான் குனிகிறது.

நம் வேலையில் ஒருவர் குறை சொன்னால், சொன்னவர்மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவர் காட்டிய இடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும்.