கடைசியாக வந்தவனுக்கு எத்தனை அடி?

முன்னொரு காலத்தில் மாந்தோப்பூர்ச் சீமையை வீரசிங்க பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் ஆண்டது அவர் கோபம்தான். பாயசத்தில் முந்திரி குறைந்துபோச்சு என்று சமையல்காரரை நாடு கடத்தினார். மறுவாரமே அதே பாயசம் வேணும் என்று குதிரை அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார். அப்படிப்பட்ட மனுஷர்.

அவருடைய மந்திரி திருமேனியப்பர். இவர் வாயைத் திறந்தால் சபையே சிரிக்கும். அதனாலேயே அரண்மனை அதிகாரி கோனப்பருக்கு இவரைக் கண்டால் ஆகாது. எப்போது கவிழ்க்கலாம் என்று காத்துக்கொண்டே இருந்தார். மந்திரியின் மகன் சொக்கேசனே அதற்கு வழி பண்ணிக் கொடுத்தான்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். காலையில் முதலில் வருகிற பிள்ளையின் கையை வாத்தியார் பிரம்பால் சும்மா தொடுவார். அடுத்தவனுக்கு ஒரு அடி, அதற்கடுத்தவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போய்க் கடைசியில் வருகிறவனுக்குக் கை வீங்கிவிடும். பிள்ளைகள் இருட்டோடு எழுந்து ஓடுவார்கள், பாவம். சொக்கேசனுக்கு மீசை அரும்புகிற வயசு. ஒருநாள் அவன் கடைசி ஆளாகப் போனான். சூரியன்கூட இன்னும் வரவில்லை. வாத்தியார் பிரம்பை எடுத்தார், இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் நேரத்துக்கு முன்னாடியே வந்திருக்கேன் ஐயா. எல்லாரும் நடுச்சாமத்துக்கே வந்தாலும் ஒருத்தன் கடைசிதானே? அவன் என்ன தப்புப் பண்ணினான்?"

வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதவர்கள் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார். நேரே கோனப்பரிடம் போய்ப் புகார் சொன்னார். கோனப்பர் ராஜாவிடம் ஓடினார். சொந்தப் பிள்ளையை அடக்கத் தெரியாதவர் நாட்டுக்கு யோசனை சொல்கிறாராம் என்று நன்றாகத் தூபம் போட்டார். ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நாளைக் காலை சபையில் பையன் வாத்தியாரிடம் கையை நீட்ட வேண்டும், நீட்டாவிட்டால் அந்தக் கையையே வெட்டிவிடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

உத்தரவு மந்திரி காதுக்கு வந்தது. எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மகனை அதட்டிப் பார்த்தார். பிறகு கெஞ்சினார். அடி பட்டால் எண்ணெய் தடவலாம், கை போனால் வருமா என்று கேட்டார். வாத்தியார் காரணம் சொல்லிவிட்டு எத்தனை வேண்டுமானாலும் அடிக்கட்டும், சொல்லாமல் நீட்ட மாட்டேன் என்றான் பையன். அவன் உதடும் வெளுத்துத்தான் இருந்தது. பயம் இருந்தும் பிடிவாதம் பிடிக்கிறான் என்று தெரிந்ததும் மந்திரிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

சாயங்காலம் மகன் சாப்பிடும்போது தாய் பெருந்தேவி அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுசோறு போட மறந்துபோனாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் பதில் சொல்றீங்களே. இவன் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

மந்திரி விளக்கைத் தூண்டிவிடுகிற மாதிரி எழுந்துபோனார்.

காலையில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. மகனோடு சபைக்குள் நுழைந்தபோது எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. ஓரத்தில் ஒருவன் அரிவாளோடு நின்றான். மந்திரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. சங்கு முழங்கியது. ராஜா வந்து சிம்மாசனத்தில் அமர்ந்தார், சபை எழுந்து வணங்கியது. குனிந்த தலையை நிமிர்த்தும்போதுதான் மந்திரிக்குப் பொறி தட்டியது. மனசில் வந்ததைச் சொன்னால் போகப்போவது கை இல்லை, தலை.

இருந்தாலும் கோனப்பரைப் பார்த்து, கடைசியில் வருகிறவனை அடிக்கும் இந்த வழக்கம் நல்ல வழக்கம்தானா என்று பணிவாகக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு மட்டுமா? இந்தச் சபைக்கே வேணும்," என்றார் கோனப்பர். "கடைசியா வர்றவர் எவரா இருந்தாலும் கை பழுக்கணும். இன்னைக்குக் கடைசியா வந்தது யாருன்னு எல்லாரும்தான் பார்த்தோமே."

சபை சிரித்தது.

"எனக்கப்புறம் ஒருத்தர் வந்தார்," என்றார் மந்திரி.

"யாரைய்யா அது? பயப்படாம சொல்லும்," என்றார் கோனப்பர்.

மந்திரி கைகளைக் கூப்பி, சிம்மாசனத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

சிரிப்பு நின்றுபோனது. ராஜா மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் சில நாள் பரிசு வரும், சில நாள் சிறை வரும். மந்திரி மகனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், என்னமோ அப்படி மறைத்தால் யாருக்கும் தெரியாது என்கிற மாதிரி.

ராஜா இறங்கி வந்தார். வாத்தியார் முன்னால் நின்று கையை நீட்டினார். "கணக்குப்படி அடியும்," என்றார்.

வாத்தியார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டார். "மகாராஜா, தாங்கள் தாமதமா வரலையே. மத்தவங்க முன்னாடியே வந்துட்டாங்க, அவ்வளவுதானே? இதில் தங்கள் தப்பு என்ன இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"இதைத்தானே அந்தப் பையனும் கேட்டான்?" என்று ராஜா சிரித்தார். அரிவாளைக் கொண்டுவரச் சொன்னது யார் என்று அவரைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிள்ளைகளுக்கு இனி அந்த அடி கிடையாது என்றார். கோனப்பருக்குத்தான் அந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருக்கிறதே, அவர் மட்டும் தினம் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கையை நீட்டட்டும் என்றார். கோனப்பர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டு வாசலில் பெருந்தேவி நின்றிருந்தாள். முத்துமாலையை அவள் பார்க்கவே இல்லை. மகனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அந்த அடிக்கு மட்டும் சொக்கேசன் காரணம் கேட்கவில்லை.