வயலின்காரரின் கழுத்து

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மிருதங்கம் வாசிக்கும் அறிவழகன் சொல்லிக் கேட்டது. கூட்டிச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்த இடங்களை விட்டுவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்.

திருச்சியில் எஸ்தர் என்று ஒரு டீச்சர். முப்பத்திரண்டு வயது. மேடை ஏறுபவர்களுக்கு உட்காரவும் நிற்கவும் மூச்சு விடவும் சொல்லிக்கொடுப்பவர்.

"உட்காரக்கூடவா எங்களுக்குத் தெரியாது?" என்று சிரித்த வித்வான்கள், இடுப்பு பிடித்துக்கொண்டதும் அங்கேதான் போனார்கள்.

ஒரு புதன்கிழமை வயலின் வித்வான் தியாகேசன் போனார். ஐம்பத்தைந்து வயது. கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. வண்டி ஓட்ட முடியாததால் அறிவழகன்தான் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

"டீச்சர், வயலினை எப்படிப் பிடிச்சா கழுத்து வலிக்காது?"

"எப்பலேருந்து வலி?"

"பதினோரு வருஷமா. கோபாலரத்னம் அண்ணா பாட்டுக்கு வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து. சனிக்கிழமை அவர் கச்சேரி. அதுக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னுட்டார். அவரை விட்டா என்னைக் கூப்பிட ஆள் இல்லை."

"வாசிங்க."

தியாகேசன் தரையில் சப்பணமிட்டு, வயலினின் நுனியைக் கணுக்காலில் சாய்த்து வாசித்தார். எஸ்தர் ஒரு காலி எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவர் தலையில் வைத்தார்.

பத்து நிமிஷம். டம்ளர் அசையவில்லை.

"பிடிக்கிறதுல ஒரு குறையும் இல்லை சார்."

"அப்ப வலி?"

"கச்சேரியில தனியாவா வாசிப்பீங்க?"

"அண்ணா பாடுவார். நான் பக்கத்துல வாசிப்பேன்."

"சரி, நான் பாடறேன். எனக்குப் பாட வராது. பரவாயில்லையா?"

"பழக்கம்தான்" என்றார் தியாகேசன்.

எஸ்தர் அலமாரியைத் துழாவினார். குக்கர் வாங்கியபோது கொடுத்த காகிதம் கிடைத்தது. எதிரே உட்கார்ந்து இழுத்து இழுத்துப் படித்தார்.

"மூடியைத் திறக்கும் முன்... ஆவி முழுவதும்..."

"ஆஹா" என்றார் தியாகேசன். டம்ளர் விழுந்தது.

எடுத்து வைத்தார்கள்.

"கேஸ்கட்டைக் கழற்றி... நன்றாகக் கழுவவும்..."

"பலே."

டம்ளர் மறுபடி விழுந்து உருண்டது. அறிவழகன் போய் எடுத்துவந்தார். "தாளம் தப்பாமத்தான் விழுது" என்றார்.

"ஏன் சார் தலையை ஆட்டினீங்க?"

"நான் எங்க ஆட்டினேன்?"

எஸ்தர் டம்ளரை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"மூன்றாவது விசிலுக்குப் பிறகு..."

தியாகேசனின் கை சட்டென்று மேலே போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கச்சேரிக்கு எத்தனை தடவை?" என்று எஸ்தர் கேட்டார்.

"எண்ணினதில்லை."

"நான் எண்ணியிருக்கேன்" என்றார் அறிவழகன். "முந்நூத்துச் சொச்சம்."

தியாகேசன் டம்ளரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆட்டாம இருந்தா அடுத்த கச்சேரி கிடையாது டீச்சர். எனக்கு முன்னாடி வாசிச்சவர் அப்படித்தான் போனார்."

"ஆட்டாதீங்கன்னு நான் சொல்லலையே. நல்லா இருந்தா ஆட்டுங்க."

தியாகேசன் டம்ளரை எஸ்தரிடம் நீட்டினார்.

"அப்ப கழுத்து பூரணமா குணமாயிடும்" என்றார்.

சனிக்கிழமை வந்தது.

கோபாலரத்னம் முதல் பாட்டில் ஒரு வரியை வளைத்து ஒரு சங்கதி போட்டுவிட்டு இடப்பக்கம் பார்த்தார். தியாகேசன் தலை நேராக இருந்தது.

இன்னொன்று போட்டார். நேராகவே இருந்தது.

மைக்கைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். ஜிப்பாவில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். இரண்டாவது பாட்டில் வழக்கமாகப் போடும் வேகமெல்லாம் போட்டார். சபையில் கைதட்டினார்கள். இடப்பக்கம் ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது பாட்டுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வேகமும் போனது. தாளமில்லாமல் விருத்தம் பாடும்போது, ஒரு வரியை வெறுமனே, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலப் பாடி நிறுத்தினார்.

தியாகேசன் தலை மெல்லச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் மிருதங்கத்தோடு இருந்த அறிவழகன் பார்த்தார். பாடியவர் பார்க்கவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும் கோபாலரத்னம் கேட்டார்.

"ஏன்டா தியாகு, கழுத்து இன்னும் சரியாகலையா?"

"சரியாயிடுச்சு அண்ணா."

"அப்ப ஏன் ஆட்டலை?"

தியாகேசன் வயலினைப் பெட்டியில் வைத்து, வில்லின் திருகாணியைத் தளர்த்தினார்.

"ஒரு தடவை ஆட்டினேன்."

"எங்க?"

தியாகேசன் அந்த வரியை முனகிக் காட்டினார்.

கோபாலரத்னம் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டிருந்த மாலையைக் கழற்றினார்.

"பத்தாம் தேதி கும்பகோணம்" என்றார் கடைசியில். "காலையிலயே கிளம்பணும். லேட் பண்ணாத."

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு சபா செயலாளரிடம் இருந்தது. கேட்டு வாங்கினேன். தலையாட்டுவது ஒலிப்பதிவில் கேட்காது. ஆனால் விருத்தத்தில் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தினால் அதை வயலின் உடனே திருப்பி வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் பன்னிரண்டாவது நிமிஷத்தில் பாட்டு நிற்கிறது. அதன்பின் ஏழு வினாடிக்கு வயலின் இல்லை.