குறையாத கணக்கு

ஒரே ஒரு ஊரிலே, மழை வழி மறந்துபோன காலத்திலே, ஒரு ராஜா இருந்தாராம். அவர் சபையிலே சர்வேசுர பண்டிதர் என்று ஒரு பெரிய தத்துவஞானி.

"கடவுள் எண்களை வைத்துத்தான் இயற்கையைப் படைத்தார். எண்ணிலே குறை கிடையாது. அதனால் உலகத்திலும் குறை கிடையாது. பஞ்சம் என்று சொல்கிறவன் கடவுளைப் பழிக்கிறான்" என்றாராம் பண்டிதர். ராஜாவும் தலையாட்டிவிட்டு, பஞ்சம் என்று அழுத ஊரின் விதைநெல்லை எல்லாம் அபராதமாக அள்ளிக்கொண்டாராம்.

அந்த ஊரில் துணி வெளுக்கிற சடைச்சி சபைக்கு வந்து காலில் விழுந்தாள். "விதைநெல்லையாவது விட்டுடுங்க சாமி. புள்ளைங்க பசியில துடிச்சப்பகூட நாங்க அதைத் தொடலை."

பண்டிதர் சிரித்தார். "பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமாடி உனக்கு? எண்ணு பார்ப்போம். எண்ணிலே ஒரு குறையைக் காட்டிவிட்டு நெல்லைத் தூக்கிக்கொண்டு போ."

சடைச்சி விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஏழு, எட்டு..."

"நிறுத்துடி! ஆறு எங்கே?"

"அதைத்தான் சாமி நாங்களும் கேக்கிறோம். ஆறு எங்கே? போன வருசம் துணி அலசின இடத்துல இப்ப மணல்தான் பறக்குது."

ராஜா யார் முகத்தையும் பார்க்காமல், நெல்லைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

முதல் மூட்டையை அவள் தலையில் ஏற்றிவிட்ட காவல்காரன் மெல்லக் கேட்டான். "ஜெயிச்சுட்டியே அக்கா. இதை எங்கே விதைப்பீங்க?"

சடைச்சி அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூட்டைக் கனத்தோடு அப்படியே நடந்து போய்விட்டாள்.