அறுபத்தைந்து இஞ்ச்

செங்கமலத்தம்மாவிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கேள்விகளோடுதான் வருவார்கள். செத்த பிறகு என்ன ஆகிறோம், மனசு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது, கடவுள் இருக்கிறாரா இல்லையா. நாச்சிமுத்து டிவியைப் பற்றிக் கேட்டார்.

பவானி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஓடு வேய்ந்த மடம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா, ஊட்டுக்கு ஒரு பெரிய டிவி வாங்கலாமுன்னு இருக்கறனுங்க. எத நம்பி வாங்கலாமுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடுத்து கேட்க வேண்டியவன் நான். பிறவிச் சுழலைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக் கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். இந்த மனுஷர் என்னடாவென்றால் மடத்தை ஷோரூம் ஆக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர், மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணா என்பார். எங்கள் மடத்தில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை.

"என்னென்ன பாத்தீங்கண்ணா?" என்று அம்மா கேட்டார். முகத்தில் கேலி துளியும் இல்லை.

அவ்வளவுதான், நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார். ஈரோட்டில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கியிருக்கிறார். பேனல் என்ன வகை, பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கிறதா, கரண்ட் ஏறி இறங்கினால் போர்டு தாங்குமா, வாரண்டி முடிந்த பிறகு பாகம் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க ஆள் உள்ளூரிலேயே உண்டா. கடையில் போட்டுக் காட்டுகிற மயிலையும் அருவியையும் நம்பக்கூடாது, செய்திச் சேனலை வைக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். டிரான்ஸ்பார்மர் வாங்குகிற மாதிரி டிவி வாங்கக் கிளம்பியிருந்தார்.

"அறுபத்தஞ்சு இஞ்ச்சுன்னு முடிவு பண்ணிட்டனுங்க. எந்தக் கம்பெனிங்கறதுதான் குழப்பம்."

"இவ்வளவு தெரிஞ்சிருக்குது. என்ட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

"கெட்டுப் போகக்கூடாதுங்கம்மா."

"எல்லாமே ஒரு நாளைக்குக் கெட்டுப் போறதுதானுங்களே."

"போகட்டுமுங்க. அவ கண்ணு இருக்கற வரைக்கும் போகக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி பாவாயிக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று இவர் கேட்டிருக்கிறார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டாராம்.

"டிவின்னா அவளுக்கு அவ்வளவு இஷ்டமுங்க. கல்யாணமான நாள்ல இருந்து தனக்குன்னு அவ ஆசப்பட்டது அது ஒண்ணுதான். ஏழு மணியாச்சுன்னா எந்த வேலயா இருந்தாலும் வந்து உக்காந்துருவா. பெரிசா வாங்கி வெச்சா இருக்கற பார்வைக்காச்சும் நல்லாத் தெரியுமில்லீங்களா? வாங்கி வெச்சு, ரிப்பேருன்னு ஒரு வாரம் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு வைங்க. அந்த ஒரு வாரத்த அவளுக்கு யாருங்கம்மா திருப்பிக் குடுப்பாங்க?"

யாரும் இருமவில்லை. என்னுடைய பிறவிச் சுழல் வாயை மூடிக்கொண்டது.

 அம்மா கேட்டார்:

"அக்கா எங்க உக்காந்து டிவி பாப்பாங்க?"

"ஹால்லதானுங்க."

"ஹால்ல எங்க?"

 

"அங்கதானுங்க, எங்காச்சும். நான் டிவிய பாத்துட்டிருப்பனுங்களா, அவ அந்தப் பக்கமா..." அவர் கை அந்தரத்தில் ஓர் இடத்தைத் தேடியது. கிடைக்கவில்லை.

அம்மா எழுந்தார்.

"ஏழு மணிக்குள்ள போயிரலாமுங்களா?"

என்னிடம் கார் இருந்தது. அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

நாச்சிமுத்துவின் வீட்டு ஹால் நீளமானது. ஒரு கோடியில் பழைய டிவி. அதற்கு நேர் எதிரே, நாலு எட்டு தள்ளி, ஒரு பிரம்பு நாற்காலி. டிவிக்குப் பக்கத்து மூலையில் ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை ஒட்டினாற்போல் சமையலறை வாசல்.

சுவரில் டிவிக்கு மேலே செய்தித்தாள்களை ஒட்டி ஒரு பெரிய செவ்வகம் செய்திருந்தார். அறுபத்தைந்து இஞ்ச் எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்காம். ஹாலின் மறுகோடியில், மாடிப்படி மறைவில், தரையில் சாக்பீஸால் நாலு வட்டங்கள் போட்டிருந்தன.

"நாற்காலிக் காலுக்குங்க. டிவி பெரிசானா நாற்காலி இவ்வளவு தூரம் பின்னால போகோணுமுன்னு கடையில சொன்னாங்க. டேப்பு வெச்சு அளந்துட்டேன்."

பாவாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டும்போது நிலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வாங்க தாயி. இவரு உங்களையும் அளக்கக் கூட்டிட்டு வந்துட்டாருங்களா? நான் வேண்டாமுன்னு சொன்னாக் கேக்கறதில்ல. நாற்காலிய அங்கயா கொண்டு போறீங்கன்னு கேட்டா, தரை கீறாது பயப்படாதங்கறாரு. தரைக்கு யாருங்க பயந்தா?"

"அக்கா, நீங்க எங்க உக்காருவீங்க?"

பாவாயிக்கு வெட்கம் வந்துவிட்டது. சமையலறை வாசலைக் காட்டினார். நிலைக்கு உள்பக்கம் ஒரு மணைப்பலகை கிடந்தது.

"அடுப்புல ஒரு கண்ணு இருக்கோணுமில்லீங்க. அதனால இங்கயே உக்காந்துக்குவேன்."

நான் குனிந்து பார்த்தேன். நிலையில், உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து மரம் வழவழப்பாகியிருந்தது. கையகல இடம்தான். எத்தனை சாயங்காலம் சாய்ந்தால் பெயிண்ட் இப்படித் தேயும் என்று நினைத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, இன்னிக்கு நீங்க அங்க உக்காருங்க. அக்கா, நீங்க நாற்காலில."

"அய்யய்யோ, அது அவரு நாற்காலிங்க தாயி!"

"ஒரு நாளைக்குத்தானுங்க."

பாவாயி நாற்காலியின் விளிம்பில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி உட்கார்ந்தார். நாச்சிமுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே பலகையில் இறங்கினார். ஏழு மணி ஆகியிருந்தது. நான் டிவியைப் போட்டேன்.

"அம்மா, இங்கிருந்து ஒண்ணுமே தெரியலீங்களே. ஃபிரிட்ஜு மறைக்குது." உடனே அவருக்குள் இருந்த என்ஜினியர் விழித்துக்கொண்டார். "இத அக்கட்ட தள்ளிப் போட்டாச் சரியாப் போயிரும். புடிங்க தம்பி ஒரு கை."

"தள்ளலாமுங்க," என்றார் அம்மா. "கொஞ்ச நேரம் அப்பிடியே இருங்க. என்ன தெரியுதோ அதப் பாருங்க."

என்ன தெரிகிறது என்று அவர் பார்த்தார். ஃபிரிட்ஜின் பக்கவாட்டு தெரிந்தது. அதைத் தாண்டி ஹால் தெரிந்தது. நடுவில் பிரம்பு நாற்காலியும் அதில் இருந்த முகமும் தெரிந்தன.

டிவியின் வெளிச்சம் முழுக்க அந்த முகத்தில்தான் விழுந்தது. நீலமாக மாறியது, மஞ்சளாக மாறியது. ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு மாமியார் பேசிக்கொண்டிருந்தார். பாவாயியின் புருவம் ஏறியது. உதடு, "அடிப்பாவி" என்று சத்தமில்லாமல் சொன்னது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார், யார் நாற்காலி என்பதை மறந்துவிட்டார். ஒருவன் வழுக்கி விழுகிற சத்தம் கேட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

பலகையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவும் சிரித்தார். யார் விழுந்தான், எங்கே விழுந்தான் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு வீணையோ வயலினோ இழுத்தது. பாவாயியின் முகம் மெல்ல இறங்கியது. கண்ணில் நீர் கட்டி, டிவி வெளிச்சத்தில் மின்னியது. கதையில் யாருக்கு என்ன ஆயிற்றென்று தெரியாமலே நாச்சிமுத்துவுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் அசையவில்லை. தலை தானாகப் போய் நிலையின் அந்தத் தேய்ந்த இடத்தில் சாய்ந்திருந்தது.

 கோயில் கோயிலாகப் போயிருக்கிறேன், திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதர் இன்னொருவரை இப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அங்கே நிற்பதற்கே கூச்சமாக இருந்தது.

விளம்பரம் வந்தது. அம்மா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பாவாயி," என்றார் நாச்சிமுத்து.  "இங்கிருந்து டிவியே தெரியாதே."

"தெரியாதுங்க."

"அப்ப இத்தன வருசமா நீ என்னத்தப் பாத்த?"

பாவாயி முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். சொல்லலாமா என்று கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்தார்.

"உங்களத்தான்."

நாச்சிமுத்து நிலையிலிருந்து தலையை எடுத்தார்.

"சத்தம் காதுல உழுகுமில்லீங்க. மத்தது உங்க மூஞ்சில தெரிஞ்சுரும். நீங்க சிரிச்சாத் தமாசு. பல்லக் கடிச்சா நம்ம ஆளு அவுட்டு. பெரியவன் வெளிநாடு போன வாரம் டிவில என்ன போட்டாலும் உங்க மூஞ்சி ஒரே மாதிரி இருந்துது, நான் உள்ள போயி அழுதுட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பகல்ல உங்க மூஞ்சிய ஆரு பாக்க முடிஞ்சுது? லைனு, கம்பம், புயலு மழைன்னு திரிஞ்சீங்க. அந்த ஒரு மணி நேரந்தான் ஒரு எடத்துல உக்காருவீங்க."

"இப்பவும்... தெரியுதா?"

"சுத்தியும் இருட்டாத்தானுங்க இருக்குது," என்றார் பாவாயி, இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. "நடுவுல நீங்க இருக்கறீங்க."

 விளம்பரத்தில் யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் கூப்பினார். அம்மா டிவி பக்கத்தில் நின்றிருந்தார். அந்தக் கும்பிடு அவருக்கு இல்லை. அது நேராக நாற்காலிக்குப் போனது.

"என்னங்க இது, ஆளுங்க முன்னால! எந்திரிங்க மொதல்ல," என்று பாவாயி பதறி எழுந்தார். நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது, நானும் பாவாயியும்.

எழுந்தவர், பலகையிலிருந்து பார்வைக்கு எட்டாத அந்த மாடிப்படி மறைவுக்கு நேராகப் போனார். செருப்பில்லாத காலால் சாக்பீஸ் வட்டங்களைத் தேய்த்தார். ஒன்று சரியாகப் போகவில்லை. குனிந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். பிறகு சுவரிலிருந்த செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"புரிஞ்சுதுங்கம்மா. பெரிய டிவியெல்லாம் வேண்டாமுங்க."

அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா வேண்டாம்? பெரிசாவே வாங்குங்க. கெட்டுப் போகாததா, நல்லா வெளிச்சம் அடிக்கறதா பாத்து வாங்குங்க. உங்க மூஞ்சி அக்காவுக்குத் தெரியோணுமில்ல."