திருத்திப் படித்த விண்ணப்பம்

ஆலடிக்கரை அடைக்கல மாதா கோவிலில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தேழு.

கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அது நேராகத்தான் இருந்தது. சந்தியாகு வாத்தியார் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தியபோது, இன்னாசி என்ற பையன் அவர் முன்னால் கைகட்டி நின்றவன். பையன் குருமடத்துக்குப் போய், குருப்பட்டம் வாங்கி, ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு, பங்குச் சாமியாராக இங்கேயே வந்து சேர்ந்தான். அதற்குள் வாத்தியார் ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வேதம் சொல்லிக் குடுங்க ஃபாதர்" என்று போய் நின்றார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார் எனக்கே தெரியும்" என்றார் ஃபாதர். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். யாரைப் பார்த்து யார் எழுந்து நிற்பது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரு முடிவு ஏற்படவில்லை. பார்க்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றார்கள்.

வாத்தியாருக்குக் கிடைத்த வேலை விண்ணப்பம் படிப்பது. சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு மாதாவுக்கு நவநாள் செபம். மாதா சொரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். வேதக்காரர்களும் போடுவார்கள், விபூதி பூசியவர்களும் போடுவார்கள், திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களும் போடுவார்கள். நாலரை மணிக்குப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்து, நவநாளின் நடுவில் மைக்கில் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம், "தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும்.

முதல் இரண்டு மாதம் உள்ளது உள்ளபடியே படித்தார். வினை மருமகன் உருவில் வந்தது.

மருமகன் ஸ்டீபன் வேறொரு சபைக்குப் போகிறவர். குணத்தில் தங்கம். ஆனால் மாதா வணக்கம் மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது கேட்டார்.

"மாமா, நேத்து உங்க மைக்ல ஒருத்தங்க மாதாகிட்ட எருமைக் கன்னு கேட்டாங்களே, குடுத்துட்டாங்களா?"

மகள் சிரித்துவிட்டாள். வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆராதனை கடவுள் ஒருவருக்கே, மாதாவுக்குச் செய்வது வணக்கம், அவர் தருகிறவர் அல்ல, தம் மகனிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று ஒரே மூச்சில் விளக்கினார்.

மருமகன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அத எருமைக் கன்னு கேட்டவங்களுக்குச் சொல்லுங்க மாமா" என்றார்.

அன்று தலை குனிந்தவர் அடுத்த சனிக்கிழமை சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்குமா? 'மாதாவே, எம்புருசன் குடியை நிப்பாட்டு' என்ற சீட்டு, 'மதுவுக்கு அடிமையானோர் மனந்திரும்ப, இறைவனின் தாயே, உம் திருமகனிடம் பரிந்து பேசியருளும்' என்று ஆனது. எருமைக் கன்று 'கால்நடைச் செல்வம்' ஆனது. பெயர் போயிற்று, ஊர் போயிற்று, ஏச்சும் அழுகையும் போயின. இனி மருமகன் அல்ல, மருமகனின் போதகரே வந்தாலும் ஒரு சொல்லில் குறை காண முடியாது. ஃபாதரும் வாரா வாரம் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இப்படி ஆறு மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை நவநாள் முடிந்து கூட்டம் கலைந்தபோது, படியருகே ஒரு பெண் அவரை நிறுத்தினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் ஏற்றி மிஞ்சிய மெழுகுவர்த்தி.

"கும்புடுறேன் சார். எம்பேரு பஞ்சவர்ணம். கீழக்குளத்துலருந்து வாரேன். மூணு வாரமா சீட்டு எழுதிப் போடுறேன். படிக்கவே மாட்டேங்கிறீகளே."

"எல்லாச் சீட்டையும் படிக்கிறோமேம்மா."

"எம்மகன் பேரு வரல சார். தட்டும் வரல."

"தட்டா?"

"சோத்துத் தட்டு. எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு, நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுச்சு. தட்டுன்னு ஒரு சொல்லு வரும் வரும்னு மூணு வாரமும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அந்தத் தட்டை வாத்தியாருக்குத் தெரியும். மூன்று சனிக்கிழமையும் ஒரே சீட்டு, ஒரே கையெழுத்து. ஒருமுறை படித்தவர் மறக்கக்கூடிய சீட்டல்ல.

'மாதாவே, எம்மகன் செல்வம் சோத்துல உக்காந்திருந்தப்ப தட்டப் புடுங்கி வீசிட்டேன். வேலவெட்டிக்குப் போகாம திங்க மட்டும் வந்தியான்னு வஞ்சேன். எந்திரிச்சுப் போனவன் ஏழு மாசமா வரல. வயசு பத்தொம்பது. எடது காது மடல் கிழிஞ்சிருக்கும். ஒம்மகன் காணாமப் போனப்ப நீ மூணு நாளு தேடுன. எனக்கு ஏழு மாசம். பாத்துக்க.'

அதை அவர் இப்படி ஆக்கியிருந்தார்: 'பிரிந்து சென்ற பிள்ளைகள் தங்கள் இல்லம் திரும்ப, இறைவனின் தாயே, உம் திருமகனிடம் பரிந்து பேசியருளும்.' மற்றதை ஒரு கோட்டால் அடித்தவர், 'பாத்துக்க' என்ற சொல்லை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். இறைவனின் தாயிடம் பேசுகிற பேச்சா அது?

அந்த வரி வந்தபோது பஞ்சவர்ணமும் கூட்டத்தோடு சேர்ந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லியிருப்பாள். பாவம், யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக.

"சீட்டு எங்கயாவது தவறி விழுந்திருக்கும்" என்றார் வாத்தியார். சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது.

"மூணு வாரமுமா சார்?"

வாத்தியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தவறியிருக்காது சார். மாதாவுக்கு எம்மேல கோவம். அதுவும் ஒரு புள்ளயப் பெத்ததுதான? சோத்துத் தட்டப் புடுங்குனவ சீட்ட அது எதுக்குக் கையில எடுக்கப் போகுது? இனிமே வந்து தொந்தரவு பண்ணல. வாரேன் சார்."

மெழுகுவர்த்தியைப் படியில் வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றார். பொய் சொன்னதற்காக எத்தனை பையன்களை முட்டிபோட வைத்திருப்பார். ஊர் நடுவில், மாதா கோவில் வாசலில், அறுபத்தேழு வயதில் ஒரு பொய். அதுவும் ஒரு தாயிடம். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

"அம்மா, சீட்டு தவறல. நான் படிச்சேன்."

"எப்ப சார்?"

"மூணு வாரமும் படிச்சேன். மாத்திப் படிச்சேன். பேரையும் தட்டையும் எடுத்துட்டேன்."

பஞ்சவர்ணம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏன் சார்?"

"கேக்குறவங்க ஏதாவது சொல்லுவாங்களேன்னு..."

"என்ன சொல்லுவாக?"

மருமகனின் அப்பளத்தை இவளுக்கு எப்படி விளக்குவது?

"சரி விடுங்க. அப்ப மாதாவுக்கு எது போச்சு சார்? நான் சொன்னதா, நீங்க படிச்சதா?"

ஞானோபதேசக் கேள்வி பதில் முழுக்க வாத்தியாருக்கு மனப்பாடம். இந்தக் கேள்வி அதில் இல்லை.

"பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறே முக்காலுக்கு."

"இருங்கம்மா. கேட்டுட்டு வந்துர்றேன்."

ஃபாதர் கோவிலுக்குள் மெழுகுவர்த்தித் தட்டில் உருகிக் கிடந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்தார். வாத்தியார் நடந்ததை நடந்தபடி சொன்னார். சிவப்புப் பேனாவைச் சொன்னார், மருமகனைச் சொன்னார், பொய்யையும் சொன்னார். கடைசியில் பஞ்சவர்ணத்தின் கேள்வியைச் சொன்னார்.

"பெட்டி எங்க சார் இருக்கு?" என்று கேட்டார் ஃபாதர்.

"மாதா காலடியில."

"அந்தம்மா சீட்ட எப்பப் போட்டாங்க?"

"மதியமே போட்டிருப்பாங்க."

"நீங்க எத்தன மணிக்குப் பெட்டியத் திறப்பீங்க?"

"நாலரைக்கு."

ஃபாதர் மறுபடியும் மெழுகைச் சுரண்ட உட்கார்ந்தார். "அப்ப நீங்க போறதுக்கு முன்னாலயே அது போயிருச்சே சார்."

வாத்தியார் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னார்.

"நீங்க சொன்னதுதாம்மா போச்சு. பெட்டியில போட்டப்பவே போயிருச்சு."

"தட்டு போயிருச்சா?"

"போயிருச்சு."

"வஞ்சதும்?"

"எல்லாம் போயிருச்சும்மா."

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்தாள்.

"ஆனாலும் அடுத்த வாரம் நீங்களும் ஒருதரம் படிச்சு விடுங்க சார். மாதாவுக்குத் தெரிஞ்சா மட்டும் போதுமா? திருப்பூர்க்காரவுக வேன்ல வாராக. காது கிழிஞ்ச பையன யாராச்சும் பாத்திருப்பாக."

அது வாத்தியாருக்கு அதுவரை தோன்றவே இல்லை. மூன்று சனிக்கிழமை, மூன்று வேன் கூட்டம். 'காது மடல்' என்ற சொல்லின் மேல் தன் கையால் போட்ட கோடு நினைவுக்கு வந்தது. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றார்.

அடுத்த சனிக்கிழமை மைக்கின் முன்னால் சீட்டை வைத்துக்கொண்டு ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் படித்தார். தட்டு வந்தபோது பெண்கள் பக்கத்தில் பேச்சு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. 'எனக்கு ஏழு மாசம். பாத்துக்க' என்று முடித்தார். கூட்டம் பதில் சொல்லவே மறந்து, சற்றுப் பொறுத்துத்தான் சொன்னது. நவநாள் முடிந்ததும் வேன்காரர்கள் பஞ்சவர்ணத்தைச் சூழ்ந்துகொண்டு, பையன் எவ்வளவு உயரம், என்ன நிறம், எந்த வேலை தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள். பையன் கிடைப்பானா என்று யாருக்கும் தெரியாது.

வாத்தியார் உள்ளே வந்தார். ஃபாதர் திருவுடுப்பை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், ஒண்ணு மட்டும் இன்னும் புரியல."

"சொல்லுங்க சார்."

"அந்தம்மா சொன்னது போய்ச் சேந்துருச்சு, சரி. ஆறு மாசமா நான் திருத்தித் திருத்திப் படிச்சது? அதுல தப்பு ஒண்ணும் இல்லயே. மாதாவுக்கு ஏத்த நல்ல தமிழ்தானே. அது எங்க போச்சு?"

ஃபாதர் அலமாரியைச் சாத்தினார்.

"எட்டாவதுல 'என் தாய்'னு ஒரு கட்டுரை எழுதச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா சார்?"

"வருசா வருசம் எழுதச் சொல்லுவேன்."

"நான் எழுதினேன். 'எங்கம்மா கல்லு உடைக்குது. கை சொரசொரன்னு இருக்கும். தல சீவி விட்டா வலிக்கும். கோவம் வந்தா மூணு தெருவுக்குக் கேக்குற மாதிரி வையும். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு அழுவும்.' அவ்வளவுதான் எழுதினேன்."

வாத்தியார் நினைவுபடுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"நீங்க திருத்திக் குடுத்தீங்க. 'என் அன்னை பொறுமையின் சிகரம். அவர் முகத்தில் நான் சினம் கண்டதில்லை. அவர் கரங்கள் தாமரை மலர்கள்.' ஆண்டு விழாவுல நீங்களே மேடையேறிப் படிச்சீங்க."

"யாரு எழுதுனதுன்னு சொன்னேனா?"

"எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன்னு சொன்னீங்க."

"உங்கம்மா வந்திருந்தாங்களா?"

"குவாரியிலருந்து நேரா வந்து கடைசியில நின்னு கேட்டுச்சு. எல்லாரும் கை தட்டுறப்ப அதுவும் தட்டுச்சு."

ஃபாதர் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்தார்.

"வீட்டுக்கு நடந்து போறப்பக் கேட்டுச்சு. 'அந்தம்மா யாருடா இன்னாசி? நீ அவ வயித்துல பொறந்திருக்கலாம்'னு."

"நீங்க என்ன ஃபாதர் சொன்னீங்க?"

"'தெரியலம்மா'ன்னு சொன்னேன் சார்."