இரண்டாவது கை உப்பு

"மூணாவது தடவை அம்மா. சாம்பார்ல உப்பு கரிக்குது. சாப்பிட வந்த சனம் பாதியில இலையை மூடிட்டு எந்திரிச்சுப் போகுது."

சொன்னவர் தாணுலிங்கம், மடத்தின் தலைமைச் சமையல்காரர். கேட்டுக்கொண்டிருந்தவர் மடத்தை நடத்தும் துறவி தவமணி அம்மா. அம்மா என்று அழைப்பதோடு சரி, தாணுலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சாமிக்குப் படைக்கும் முன் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு சரியா, கூடவா என்பது பந்தியில் உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"யார் போட்டது?"

"கேட்டா அடுப்படி ஆளுங்க எட்டுப் பேரும் சுவரைப் பாக்கானுவ. பட்டும் புத்தி வரல. எனக்கு இசக்கி மேலதான் சந்தேகம். என்னைக் கண்டாலே தலையைக் குனியுதான். நாளையோட அவனை நிறுத்திரலாம்னு இருக்கேன்."

இசக்கி பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"நாளைக்கு நான் சமையற்கட்டுக்கு வாரேன் அண்ணாச்சி. பக்கத்து அடுப்பில இன்னொரு அண்டா சாம்பார் வையுங்க. அதில உப்பே வேண்டாம்."

எதற்கென்று தாணுலிங்கத்துக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் போய் எதற்கென்று கேட்பாரா என்ன? தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் பதினோரு மணி. சாம்பார் தளதளவென்று கொதித்தது. எல்லார் கண்ணெதிரிலும் தாணுலிங்கம் மூன்று கை உப்பு போட்டுக் கிண்டிவிட்டு நகர்ந்தார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். உப்பு மரவையில் கையை விட்டு ஒரு கை அள்ளினார். அதே அண்டாவில் போட்டார்.

இன்னொரு கை. இன்னும் ஒரு கை.

கரண்டிச் சத்தம் நின்றது. ஒன்பது பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அண்ணாச்சி, இதில ஏற்கெனவே உப்பு போட்டாச்சோ?"

"போட்டாச்சும்மா."

"நான் போடும்போது பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லலையே."

"உங்ககிட்ட எப்படிம்மா... நீங்க கோவிச்சுக்கிட்டா?"

"என்னைக்காவது கோவிச்சிருக்கேனா?"

"இல்லம்மா."

அம்மா கையைத் தட்டிக்கொண்டார்.

"ரெண்டு அண்டாவையும் கலந்திருங்க. சரியாயிரும்."

போய்விட்டார்.

தாணுலிங்கம் கோபிக்காத நாள் கிடையாது. அன்றைக்கு அந்தச் சமையற்கட்டில் அவர் குரல் முதல்முறையாகத் தணிந்து வந்தது.

"இசக்கி, அந்த மூணு நாளும் என்னல நடந்துச்சு?"

"சொன்னா வைவீங்க."

"வைய மாட்டேன். சொல்லு."

"பந்திக்கு இலை போட்டாச்சான்னு பாக்க நீங்க போயிட்டீங்க. கொதி வந்திருச்சேன்னு நான் உப்பு போட்டேன். திரும்பி வந்து நீங்களும் போட்டீங்க அண்ணாச்சி. பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"ஏம்ல..."

ஏறிய குரல் பாதியில் நின்றது. தாணுலிங்கம் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நான் உப்புல கை வச்சா," என்றார், "கையைப் பிடிச்சிருல."